ஆட்டுக்குத் தண்டனை அல்ல: லேவியராகமப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஓய்வுநாள் பள்ளிப் பாடங்கள் எழுதித் தரும் ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும், அந்தப் பாடங்களைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்க பீடம் ஏறும் போதகர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

லேவியராகமமும் எபிரெயருக்கு எழுதின நிருபமும் பாடமாக வரும் மாதங்களில் சபைகளுக்கு வந்து சேரும் பாடத்தாள்களை வரிசையாக வைத்துப் படித்துவிட்டு இதை எழுதுகிறோம். பழைய ஏற்பாட்டு வகுப்பு நடத்துகிறவர்கள் நாங்கள். எந்தச் சபையையும் அச்சகத்தையும் பேர் சொல்லிக் குறை சொல்ல வரவில்லை, பிழை பொதுச்சொத்தாகிவிட்டது. ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் பலி இப்படித்தான் விளக்கப்படுகிறது: பாவம் செய்தவன் ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவருவான். அதன் தலைமேல் கை வைத்ததும் அவன் பாவம் ஆட்டுக்குள் போய்விடும். ஆசாரியன் ஆட்டை வெட்டுவான். அவன் படவேண்டிய தண்டனையை ஆடு படும். எந்தப் பாவமானாலும் அத்தோடு தீர்ந்தது.

ஐந்து வாக்கியம். ஐந்துமே லேவியராகமத்தோடு ஒட்டவில்லை. எபிரெயர் நிருபத்தோடும் ஒட்டவில்லை என்பதுதான் எங்கள் பெரிய கவலை. இயேசுவின் ஆசாரியத்துவத்தை விளங்கவைக்கத்தானே இந்தப் பாடமே?

முதல் சிக்கல் நம் மொழியில் இருக்கிறது. 'லாரி மோதி மூவர் பலி' என்று காலையில் பேப்பர் படித்துவிட்டு வருகிறவர் காதில் பலி என்றால் சாவு. பழந்தமிழில் அப்படியில்லை. காக்கைக்கு வைத்த நெய்ச்சோறும் பலிதான். கோயில் பலிபீடத்தில் இன்றும் வைப்பது சோறுதான். எபிரெயத்தில் பலிக்கும் காணிக்கைக்கும் பொதுவான சொல் 'கொர்பான்'. மாற்கு 7:11-ல் அந்தச் சொல்லே நம் வேதாகமத்தில் அப்படியே நிற்கிறது. 'கிட்ட வருதல்' என்ற வேரிலிருந்து பிறந்தது. 'கிட்டக் கொண்டுவந்தது' என்று பொருள். கொல்வது அதில் ஒரு கட்டம், அதுவும் எல்லாவற்றிலும் கிடையாது. போஜனபலியில் மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம், உப்பு, அவ்வளவுதான். ஓர் உயிரும் போகவில்லை. ஆனாலும் அது கொர்பான்.

இனி கத்தி யார் கையில் என்று பாருங்கள். லேவியராகமம் 1:5-ல் காளையைக் கொல்லுகிறவன் அதைக் கொண்டுவந்தவன். அவனே தோலுரிக்கிறான், 'சந்துசந்தாக' துண்டிக்கிறான், குடலையும் தொடைகளையும் தண்ணீரில் கழுவுகிறான். ஆசாரியன் வேலை இரத்தத்தைப் பிடிக்கும் இடத்தில் தொடங்குகிறது: பிடிப்பது, பீடத்துக்குக் கொண்டுபோவது, தெளிப்பது, கட்டைகளை அடுக்கி எரிப்பது. சமாதானபலியிலும் (3:2) பாவநிவாரணபலியிலும் (4:29) அதே முறைதான். பறவை மட்டும் விதிவிலக்கு. புறாவில் வருவது கொஞ்சம் இரத்தம், அதைக் கிண்ணத்தில் பிடித்து நடக்க முடியாது. ஆகவே ஆசாரியனே பீடத்தின் அருகில் அதன் தலையைக் கிள்ளி, இரத்தத்தைப் பீடத்தின் பக்கத்திலேயே சிந்தவிடுகிறான். பிற்காலத்து எருசலேம் ஆலயத்தில் சபைப் பொதுவான பலிகளை ஆசாரியர்களே வெட்டினார்கள், யார் வெட்டுவது என்று தினமும் சீட்டுப் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, ஆசாரியரல்லாதவரும் பெண்களும் அடிமைகளும் வெட்டினாலும் பலி செல்லும் என்றே தீர்ப்புச் சொல்கிறது. வெட்டு ஆசாரிய ஊழியத்தின் மையமாக இருந்திருந்தால் இப்படி ஒரு தீர்ப்பு வந்திருக்காது.

(மிஷ்னாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலயம் கி.பி. 70-ல் இடிந்து ஏறத்தாழ 130 ஆண்டு கழித்துத் தொகுக்கப்பட்டது. அதில் நினைவும் உண்டு, 'இப்படி இருந்திருக்க வேண்டும்' என்ற ஆசையும் உண்டு. ஆனாலும் கைவேலை விவரங்களுக்கு அதை விட்டால் வேறு கதியில்லை.)

அந்தக் கைவேலையில் எங்களுக்கு மிகவும் பிடித்த விவரம் கிண்ணம். பஸ்கா நாளில் ஆலயப் பிராகாரத்தில் ஆசாரியர்கள் வரிசையாக நின்று, ஒரு வரிசை வெள்ளிக் கிண்ணமும் ஒரு வரிசை பொன் கிண்ணமுமாக, இரத்தத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பீடத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கிண்ணங்களுக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்காது. கீழே வைக்கவே முடியாது. வைத்தால் இரத்தம் உறைந்துவிடும்; உறைந்த இரத்தத்தைத் தெளிக்க முடியாது; பலி வீண். ஒரு பாத்திரத்தின் வடிவமே எது முக்கியம் என்று சொல்லிவிடுகிறது. ஆடு செத்த பிறகுதான் அவசரம் ஆரம்பிக்கிறது.

கை வைப்பதற்கு வருவோம். சாதாரணப் பலிகளில் வைப்பது ஒரு கை. என்ன பேச வேண்டும் என்று அந்த இடங்களில் ஒரு வார்த்தையும் கட்டளையிடப்படவில்லை. 'இது என்னுடையது, என் பேரில் சேரட்டும்' என்ற அடையாளம் என்றுதான் பல ஆய்வாளர்கள் அதை வாசிக்கிறார்கள். இரண்டு கையையும் வைத்து, அக்கிரமங்களை அறிக்கையிட்டு, 'அவைகளை வெள்ளாட்டுக்கடாவினுடைய தலையின்மேல் சுமத்தி' என்று எழுதியிருப்பது 16:21-ல் மட்டும். அது போக்காடு. அதை யாரும் பீடத்தில் வெட்டுவதில்லை. உயிரோடே வனாந்தரத்துக்கு அனுப்புகிறார்கள். பாவத்தைச் சுமந்த ஆடு பலியாகவில்லை, பலியான ஆடு பாவத்தைச் சுமக்கவில்லை. பாடத்தாள் இரண்டையும் ஒரே ஆட்டில் ஏற்றிவிடுகிறது.

சுமத்தப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாவநிவாரணபலியின் இறைச்சி பாவத்தால் நாறவேண்டும். ஆனால் 6:25 முதல் 29 வரை வாசித்தால் நேர்மாறு: அது மகா பரிசுத்தமானது. ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்திலே அதைச் சாப்பிட வேண்டும். அதைத் தொடுகிறது பரிசுத்தமாகும். வஸ்திரத்தில் இரத்தம் தெறித்தால் அங்கேயே கழுவ வேண்டும். வேகவைத்தது மண்பானையானால் உடைத்துவிட வேண்டும், வெண்கலப் பானையானால் துலக்கித் தண்ணீரில் கழுவினால் போதும். மண் உறிஞ்சும், வெண்கலம் உறிஞ்சாது. சமையல் தெரிந்த எவருக்கும் இதற்கு உரை வேண்டாம். 10:17-ஐக் காட்டி, 'சபையின் அக்கிரமத்தைச் சுமந்து தீர்ப்பதற்கு' என்று இருக்கிறதே என்று கேட்பவர்கள் அந்த வசனத்தை மறுபடி வாசிக்கட்டும். அங்கே சுமக்கிறவன் ஆசாரியன். அவன் சாப்பிடுவதற்காகத்தான் இறைச்சி கொடுக்கப்படுகிறது. கிறிஸ்தவ வாசிப்புக்கு இதைவிட நல்ல வசனம் வேண்டுமா? இத்தனைக்கும் பாடத்தாள்களில் இது கண்ணில் படுவதே அபூர்வம்.

சரி, இரத்தம் எதற்கு? 4-ஆம் அதிகாரத்தைக் காகிதத்தில் வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஜனத்தில் ஒருவன் தவறினால் பெண் வெள்ளாடு அல்லது பெண் செம்மறிக்குட்டி; இரத்தம் வெளிப்பிராகாரத்தில் தகனபலிபீடத்தின் கொம்புகளில் பூசப்படுகிறது. பிரபு தவறினால் வெள்ளாட்டுக்கடா. இரத்தம் அதே இடத்தில். அபிஷேகம்பெற்ற ஆசாரியனோ சபை முழுவதுமோ தவறினால் காளை. இப்போது இரத்தம் ஆசரிப்புக் கூடாரத்துக்குள்ளே (ஆலயத்துக்கு முந்திய வழிபாட்டுக் கூடாரம்) போகிறது, திரைக்கு எதிரே ஏழுதரம் தெளிக்கப்படுகிறது, தூபபீடத்தின் கொம்புகளில் பூசப்படுகிறது, மீதி வெளியே தகனபலிபீடத்தின் அடியில் ஊற்றப்படுகிறது. வருஷத்தில் ஒரு நாள், பாவநிவிர்த்தி நாளில், இரத்தம் திரையையும் தாண்டி, மகா பரிசுத்த ஸ்தலத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனம் வரை போகிறது. பாவம் செய்தவன் பொறுப்பு எவ்வளவு பெரிதோ, அழுக்கு அவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது. கழுவும் இரத்தமும் அவ்வளவு தூரம் உள்ளே போகிறது. இந்த வாசிப்பை விரிவாக நிறுவியவர் யூத ஆய்வாளர் ஜேக்கப் மில்க்ரோம். எல்லா அம்சத்திலும் எல்லாரும் அவரோடு ஒத்துப்போவதில்லை, நாங்களும்தான். ஆனால் பாவநிவாரணபலியின் இரத்தம் பூசப்படுவது பீடத்தின்மேல், ஆளின்மேல் அல்ல என்ற அடிப்படைக் கவனிப்பை மறுக்க வழியில்லை. இரத்தத்தின் வேலை சுத்திகரிப்பு. 17:11 காரணத்தையும் சொல்லிவிடுகிறது: உயிர் இரத்தத்தில் இருக்கிறது. பீடத்தில் ஏறுவது உயிர், சாவு அல்ல.

இதனால்தான் 'பாவநிவாரணபலி' என்ற மொழிபெயர்ப்பு சில இடங்களில் நம்மைக் குழப்புகிறது. பிள்ளை பெற்ற தாய் அதைச் செலுத்த வேண்டும் (12:6). பிள்ளை பெறுவது என்ன பாவம்? மரியாள் லூக்கா 2:24-ல் கொண்டுவந்தது ஏழைகளுக்கான மாற்று: ஒரு ஜோடு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. ஒன்று சர்வாங்க தகனபலிக்கு, இன்னொன்று பாவநிவாரணபலிக்கு. மரியாள் என்ன பாவம் செய்தாள் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். 'சுத்திகரிப்புப் பலி' என்று ஓரத்தில் ஒரு குறிப்புப் போட்டுவிட்டால் அந்தக் கேள்வியை ஆசிரியர் தடுமாறாமல் எதிர்கொள்ளலாம்.

எந்தப் பாவமும் தீரும் என்ற வாக்கியத்துக்கு நேராகவே பதில் இருக்கிறது. லேவியராகமம் 4:2 சொல்வது அறியாமையினால் செய்த பாவம். எண்ணாகமம் 15:30-ல் 'துணிகரமாய்' செய்தவனுக்குப் பலி கிடையாது, அவன் அறுப்புண்டு போவான். தாவீது 51-ஆம் சங்கீதத்தில் 'பலியை நீர் விரும்புகிறதில்லை, விரும்பினால் செலுத்துவேன்' என்று சொல்வது அலங்காரப் பேச்சு அல்ல. கொலைக்கும் விபசாரத்துக்கும் கொண்டுவர ஒரு பலி நியாயப்பிரமாணத்தில் இல்லை. வேண்டுமென்றே செய்ததில் குற்றநிவாரணபலிக்கு இடம் கொடுக்கப்பட்ட வகை ஒன்று உண்டு: அயலானை ஏமாற்றிப் பொய்ச்சத்தியம் செய்தது (லேவியராகமம் 6:1-7). அங்கேயும் முதலில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் ஆட்டுக்கடா. மலைப்பிரசங்கத்தில் 'காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு' என்று இயேசு சொன்னது இந்த வரிசையைத்தான். கேட்டவர்கள் கலிலேயர்கள். பலிபீடம் எருசலேமில். சமாரியா வழியாக நடந்தால் மூன்று நாள் வழி என்று யோசேப்பு (பிளாவியுஸ் யோசேப்பு, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர்) எழுதியிருக்கிறார். ஆட்டை அங்கேயே நிறுத்திவிட்டு மூன்று நாள் திரும்பி நடந்து, சண்டையைத் தீர்த்து, மறுபடி மூன்று நாள் நடந்து வா என்கிறார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள், பிறகு சிரிப்பு அடங்கியிருக்கும்.

இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு இல்லையே என்பீர்கள். எபிரெயர் 9:22-ஐ முழுதாக வாசியுங்கள்: 'நியாயப்பிரமாணத்தின்படி கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும்.' அந்தக் 'கொஞ்சங்குறைய'வை எழுதியவர் சும்மா எழுதவில்லை. லேவியராகமம் 5:11-ல், இரண்டு புறாவுக்கும் வக்கில்லாதவன் எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவந்தால் அதுவே பாவநிவாரணபலி. ஏறக்குறைய 2 லிட்டர் மாவு. வனாந்தரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் மன்னா எவ்வளவோ அவ்வளவு. எண்ணெய் வார்க்கக் கூடாது, தூபவர்க்கம் போடக் கூடாது. இது விருந்து அல்ல. ஒரு கைப்பிடியை எடுத்து ஆசாரியன் எரிப்பான். 'அவனுக்கு மன்னிக்கப்படும்' என்று அங்கேயும் எழுதியிருக்கிறது. இதைப் பிரசங்கித்தால் சிலுவையின் மதிப்புக் குறைந்துவிடாது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அது நிமிர்ந்து உட்காரும்.

இப்போது கயிறு. பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டுவார்கள், அங்கியின் மணிச்சத்தம் நின்றால் செத்துப்போனான் என்று அறிந்து இழுத்துவிடுவார்கள் என்ற கதை. இந்தக் கதையைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் உண்டா? வேதாகமத்தில் இது இல்லை. யோசேப்பு எழுதவில்லை. மிஷ்னாவில், பாவநிவிர்த்தி நாளுக்கென்றே எட்டு அதிகாரம் உள்ள பகுதியில், கயிறு இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட சோகார் என்ற யூத மறைஞான நூலில்தான் காலில் கட்டும் பேச்சு வருகிறது. அதைவிடப் பெரிய ஓட்டை லேவியராகமத்திலேயே இருக்கிறது. மணி தொங்குவது நீல அங்கியின் ஓரத்தில் (யாத்திராகமம் 28:33). அந்த நாளில் உள்ளே போகும்போது அவன் அதைப் போடுவதே இல்லை. லேவியராகமம் 16:4-ன்படி சணல்நூல் சட்டை, சணல்நூல் உள்ளுடுப்பு, சணல்நூல் இடைக்கச்சை, சணல்நூல் பாகை. மணியே இல்லாத உடையில் மணிச்சத்தம் எப்படி நிற்கும்?

கயிற்றை விட்டுவிட்டு உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள், அதில் பயமும் பதற்றமும் போதுமான அளவு உண்டு. மிஷ்னா சொல்கிறபடி, ஏழு நாள் முன்னதாகவே பிரதான ஆசாரியனை வீட்டிலிருந்து பிரித்து ஆலய அறையில் தங்கவைப்பார்கள். அவனுக்குத் தீட்டுப் பட்டுவிட்டால் ஏற்க இன்னொரு ஆசாரியனைத் தயாராக வைத்திருப்பார்கள். முந்தின இரவு அவன் தூங்கக் கூடாது. யோபு, எஸ்றா, நாளாகமம் வாசித்துக் காட்டுவார்கள். கண் செருகினால் இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி, குளிர்ந்த தரையில் நிற்கச் சொல்வார்கள். அன்று ஐந்து முறை முழுக்கு, பத்து முறை கைகால் கழுவல்.

காளையை வெட்டியதும் உடனே அதன் இரத்தத்தோடு உள்ளே போக முடியாது. முதலில் தூபம். வலது கையில் தணல் நிறைந்த கலசம், இடது கையில் தூபக் கரண்டி. புகை கிருபாசனத்தை மூடவேண்டும், 'சாவாதபடிக்கு' என்கிறது லேவியராகமம் 16:13. அதுவரை காளையின் இரத்தம் என்னாகும்? உறைந்துவிடும். அதனால் ஒருவனிடம் கிண்ணத்தைக் கொடுத்து வெளியே நின்று கலக்கிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். பிரதான ஆசாரியன் தூபமிட்டு வெளியே வந்து, அவனிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போவான். மேல்நோக்கி ஒரு தரம், கீழ்நோக்கி ஏழு தரம் தெளிப்பான். எண்ணிக்கை தப்பாமல் இருக்க வாய்விட்டு எண்ணுவான்: ஒன்று, ஒன்றும் ஒன்றும், ஒன்றும் இரண்டும், இப்படியே ஒன்றும் ஏழும் வரை. பிறகு ஆட்டின் இரத்தத்தோடு ஒரு தரம். கடைசியில் தூபகலசத்தை எடுத்துவர ஒரு தரம். ஆக 'வருஷத்திற்கு ஒருதரம்' என்பது ஒரு நாள், நுழைவதோ நாலு முறை. நடுவில் இரத்தம் கொட்டிவிட்டால் வேறு மிருகத்தை வெட்டி, அந்தக் கட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தூபமிட்டு வெளியே வந்ததும் அவன் செய்யும் ஜெபம் சுருக்கமானது. நீட்டினால் வெளியே நிற்கிற ஜனங்கள் பயந்துபோவார்கள். இரண்டாம் ஆலயத்தில் அந்த அறையில் உடன்படிக்கைப் பெட்டியும் இல்லை. மூன்று விரல் உயரக் கல் ஒன்றுதான் இருந்தது. கலசத்தை அதன்மேல் வைத்தான். கி.மு. 63-ல் ரோமத் தளபதி பொம்பேயு உள்ளே புகுந்து பார்த்தபோதும் உருவச்சிலை ஒன்றையும் காணவில்லை.

கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டு நின்றவனைப் பிடித்துக்கொண்டால் எபிரெயர் நிருபம் தானாகத் திறக்கும். அந்த நிருபம் எழுதியவர் இயேசுவின் மரணத்தை விவரிப்பதைவிட, அவர் 'பரலோகத்திலேதானே பிரவேசித்'ததைப் பற்றித்தான் (9:24) விடாமல் பேசுகிறார். உள்ளே நுழைவது, இரத்தத்தோடு நுழைவது, ஒரே தரம் நுழைவது. லேவியராகமத்தில் உச்சம் வெட்டுமிடத்தில் அல்ல, திரைக்கு உள்ளே, எபிரெயரிலும் அப்படியே. 9:23-ல் பரலோகத்திலுள்ளவைகளும் சுத்திகரிக்கப்பட வேண்டும் என்று ஒரு வாக்கியம் வருகிறது. தண்டனைக் கணக்கு வைத்து அதை விளக்கவே முடியாது. பீடத்தைக் கழுவும் இரத்தம் என்று தெரிந்தவனுக்கு அது இயல்பான வாக்கியம். 13:11-12-ல் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்படும் உடல்களையும் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்ட இயேசுவையும் இணைப்பதும் அப்படித்தான். எந்தப் பலியின் உடல் வெளியே போகிறது? எந்தப் பலியின் இரத்தம் உள்ளே போனதோ அதன் உடல். லேவியராகமம் 4-ஆம் அதிகார வரைபடம் இல்லாமல் அந்த வசனம் வெறும் உவமையாகிவிடும்.

நமக்குப் பதிலாக அவர் பாடுபட்டார் என்ற போதனையை நாங்கள் மறுப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அதற்கு ஏசாயா 53 இருக்கிறது, பவுலின் நிருபங்கள் இருக்கின்றன. அங்கிருந்து போதியுங்கள். லேவியராகமம் 4-ஆம் அதிகாரத்து ஆட்டின் வாயில் அதைத் திணிக்காதீர்கள் என்பதே வேண்டுகோள்.

ஆசாரியரைப் பற்றிய பாடங்களில் இன்னொரு கோளாறு. ஆசாரியன் என்றாலே இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியன் காய்பாவின் முகம். முதல் நூற்றாண்டில் பிரதான ஆசாரிய பதவி அரசியலாகிவிட்டது உண்மைதான். ஏரோது காலம் தொடங்கி ஆலயம் இடிந்தது வரை 107 ஆண்டில் 28 பிரதான ஆசாரியர்கள் என்று யோசேப்பு கணக்குச் சொல்கிறார். அவர்களுடைய உடையையே சில காலம் ரோமர் அந்தோனியா கோட்டையில் பூட்டி வைத்திருந்து, பண்டிகைக்கு ஏழு நாள் முன் எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் ஆசாரியர்களில் பெரும்பாலோர் யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியாவைப் போன்றவர்கள்: கிராமத்தில் வாழ்ந்து, 24 வகுப்புகளில் தம் வகுப்பின் முறை வரும்போது ஆண்டுக்கு இரண்டு வாரமும் பண்டிகைகளிலும் எருசலேமுக்கு வந்து வெறுங்காலோடு ஊழியம் செய்தவர்கள். சகரியா எட்டாவதான அபியா வகுப்பு. தூபங்காட்டும் சீட்டு ஏற்கெனவே விழுந்தவர் மறுபடி போட்டிபோடக் கூடாது என்ற மரபை வைத்துப் பார்த்தால், லூக்கா 1:9-ல் அந்த முதியவருக்கு அன்று கிடைத்தது ஆயுளில் ஒரு முறை வரும் வாய்ப்பு. அப்போஸ்தலர் 6:7-ல் 'ஆசாரியர்களில் அநேகரும்' விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள் என்று லூக்கா எழுதியதைப் பாடத்தாள் ஒன்றிலும் நாங்கள் காணவில்லை. 21-ஆம் அதிகாரத்தில் பவுல் நான்கு பேருடைய நசரேய விரதச் செலவை ஏற்கிறார். எண்ணாகமம் 6:14-ன்படி ஒருவருக்கு ஓர் ஆண் குட்டி, ஒரு பெண் குட்டி, ஓர் ஆட்டுக்கடா. நான்கு பேருக்குப் பன்னிரண்டு உருப்படி, அதில் நான்கு பாவநிவாரணபலி. சிலுவைக்கு இருபது ஆண்டுக்கும் மேலே கழித்து, பவுல்! இதை விழுங்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.

ஆசாரியர்கள் லேவி கோத்திரம், இயேசுவோ யூதா கோத்திரம். பூமியில் இருந்தால் அவர் ஆசாரியராயிருக்க முடியாது என்று எபிரெயர் 8:4 சொல்கிறது. லேவிக்கு முன்பே ஆபிரகாம் காலத்தில் ஆசாரியனாயிருந்த மெல்கிசேதேக்கு அந்த நிருபத்தில் வருவது இந்தச் சட்டச் சிக்கலைத் தீர்க்க. மர்ம மனிதராக அல்ல. சபை மூப்பரையோ கண்காணியையோ புதிய ஏற்பாடு 'ஆசாரியன்' என்று அழைப்பதில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பு 'மூப்பர்', 'ஆசாரியர்' என்று இரண்டு சொல்லாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பிறகு வழக்கம் மாறியது. முதல் நூற்றாண்டுக் கடைசியில் ரோமாபுரி கிளெமெந்து சபை ஒழுங்குக்கு ஆலய ஒழுங்கை எடுத்துக்காட்டினார், மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் சிப்ரியான் ஆயரையே ஆசாரியர் என்றார், 1520-ல் லூத்தர் விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர் என்றார், 1562-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துச் சங்கம் திருப்பலி உண்மையான பலியே என்று உறுதி செய்தது. பாடம் எழுதுகிறவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் நல்லது.

பலிகள் ஏன் கொடுக்கப்பட்டன என்பதிலும் சபைப் பிதாக்கள் ஒரே குரலில் பேசவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின், இஸ்ரவேலர் விக்கிரகங்களுக்குப் பலியிடாதபடி தேவன் இறங்கிவந்து கொடுத்த ஏற்பாடு என்றார். ஒரிகேன் ஒவ்வொரு உறுப்பிலும் கிறிஸ்துவின் நிழலைத் தேடினார். பிற்கால இறையியலாளர் அக்குவினா தோமா இரண்டையும் சேர்த்துக்கொண்டார். இன்றைய பாடத்தாள் ஒரே பக்கத்தில் 'தேவனே ஏற்படுத்தின அற்புத நிழல்' என்றும், அடுத்த பக்கத்தில் 'யூதருடைய வெற்றுச் சடங்கு' என்றும் எழுதுகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்க முடியும்?

'வெற்றுச் சடங்கு' போகட்டும் என்றால், 'ஆலயம் இல்லாததால் யூதருக்கு இன்று மன்னிப்பே இல்லை' என்ற வரி இன்னும் மோசம். ஆலயம் இடிந்ததைக் கண்டு அழுத சீஷனிடம் யூத ரபி யோகனான் பென் சக்காய் ஓசியா 6:6-ஐச் சொல்லித் தேற்றியதாக யூத மரபு: பலியை அல்ல, இரக்கத்தையே. அதே வசனத்தை இயேசு மத்தேயுவில் இரண்டு முறை (9:13, 12:7) எடுக்கிறார். நமக்கும் அவர்களுக்கும் பொதுவான வசனத்தை வைத்துக்கொண்டு அவர்களைக் கதியற்றவர்கள் என்று பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுப்பது நியாயமா?

சமாதானபலியைப் பற்றி ஒரு யோசனை. பாடங்கள் அதைக் கிடாவெட்டோடு ஒப்பிடுகின்றன. அதைவிடக் கிட்ட இருப்பது நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளின் அசனம், அதாவது சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து. கொழுப்பும் இரண்டு குண்டிக்காயும் கல்லீரல்மேல் ஜவ்வும், செம்மறியானால் அந்த நாட்டு ஆடுகளுக்கு உள்ள கொழுத்த வாலும் பீடத்துக்கு. மார்க்கண்டமும் வலது தொடையும் ஆசாரியருக்கு. மீதி முழுவதும் கொண்டுவந்தவன் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட. ஸ்தோத்திரபலியானால் அன்றே தீர்க்க வேண்டும், காலைவரை வைக்கக் கூடாது. ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரு நாளில் தின்று தீர்க்க முடியுமா? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆகவேண்டும். விதி விருந்தைக் கட்டாயமாக்குகிறது. ஆர்மீனியத் திருச்சபையில் இன்றும் 'மதாக்' என்று ஆசீர்வதித்த உப்பை மிருகத்துக்குக் கொடுத்து, வேகவைத்த இறைச்சியை ஏழைகளுக்குப் பங்கிடுகிறார்கள். அசனம் தெரிந்த பிள்ளைக்கு லேவியராகமம் 7-ஆம் அதிகாரம் அந்நியமாக இருக்காது.

கடைசியாக, அட்டைப்படம். பாவநிவிர்த்தி நாள் பாடத்துக்கு வெள்ளை ஆட்டுக்குட்டி போடுகிறீர்கள். அன்றைய பாவநிவிர்த்திச் சடங்கில் ஆட்டுக்குட்டி இல்லை; ஒரு காளை, இரண்டு வெள்ளாட்டுக்கடா, தகனத்துக்கு இரண்டு ஆட்டுக்கடா. அடுத்த அச்சுக்கு ஓவியரிடம் இதைக் கொடுங்கள்: மணியும் பொன்னும் இல்லாத வெறும் சணல்நூல் உடையில் ஓர் ஆள், வலது கையில் தணல், முதுகு நமக்கு, முகம் திரைக்கு. காலில் கயிறு வேண்டாம். வெளியே படிக்கட்டில் இன்னொருவன், கிண்ணத்தை இறக்கி வைக்காமல் கலக்கிக்கொண்டு, திரை எப்போது அசையும் என்று பார்த்தபடி.

இப்படிக்கு,
பழைய ஏற்பாட்டு வகுப்பு நடத்தும் சிலர்